வீட்டுக்கு முதல் வெந்நீர்த் தொட்டி

உடலிலுள்ள அழுக்கை நீக்குதற்கு நீராடுவது ஒன்று. உடலின் அயர்ச்சியை நீக்குதற்கு நீரில் அமர்ந்திருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றினும் தன்மையால் வெவ்வேறானவை. திருகோணமலையை அடுத்த கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. அங்குச் செல்வோர் கிணற்றுள் இறங்கி அமர்வதில்லை. வாளியால் மொண்டு தலையில் வார்த்துக்கொள்கின்றனர். உடலைத் தொட்ட நீர் அப்பாற் சென்றுவிடுகின்றது. ஊற்று மீண்டும் புதுநீர் தருகின்றது. வீட்டில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்த் தொட்டியோ இதற்கு மறுதலையானது. ஒருமுறை நிரப்பிய நீரே வாரக்கணக்காக, சில வேளைகளில் மாதக்கணக்காக, அதனுள் நிற்கின்றது. வீட்டார் யாவரும் அந்நீரிலேயே மாறி மாறி அமர்கின்றனர். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டால், முதன்முதலாகத் தொட்டி வாங்க எண்ணுவோர் ஆராய வேண்டியவை யாவை என்பது தானே விளங்கும்.

நின்ற நீரில் அமரும் வழக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர் யப்பானியர். அவர்தம் இல்லங்களில் உள்ள ஆழமான குளியற்றொட்டியில் எவரும் அழுக்குடன் இறங்கார். முதலில் தொட்டிக்குப் புறத்தே அமர்ந்து சவர்க்காரமிட்டு உடலைக் கழுவித் தூய்மை செய்த பின்னரே தொட்டியுள் இறங்குவர். ஆதலின் ஒரே நீரைக் குடும்பத்தார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகப் பயன்படுத்த முடிகின்றது. தொட்டி எத்துணை விலையுயர்ந்ததாயினும், அதன் நீரைக் காப்பது முதலில் அதனைப் பயன்படுத்துவோரின் ஒழுக்கமே என்பதற்கு இவ்வழக்கம் நல்ல சான்றாகும்.

இனி, நீரைப் பீறிட்டு அடிக்கச் செய்யும் பொறியோடு கூடிய இக்காலத் தொட்டியின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகின்றது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவிற் குடியேறிய ஜக்கூசி என்னும் சகோதரர்கள் முதலில் ஆகாயவிமானச் சுழலிகளையும், பின்னர்க் கிணற்று நீர்ப்பம்பிகளையும் செய்து விற்றனர். அவருள் ஒருவரான கன்டிடோ ஜக்கூசியின் மகனை இளம்பருவத்திலேயே மூட்டுவாத நோய் பற்றியது. வைத்தியசாலையில் அச்சிறுவனுக்கு அளிக்கப்பட்ட நீர்ச் சிகிச்சை சிறிது ஆறுதல் தந்தது. அதனை வீட்டிலேயே அளிக்க எண்ணிய தந்தையார், சாதாரணக் குளியற்றொட்டியுள் வைத்து இயக்கத்தக்க நீர்ப்பம்பி ஒன்றை அமைத்தார். 1956ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. 1968ஆம் ஆண்டில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ரோய் ஜக்கூசி, பீச்சுகுழாய்களைத் தொட்டியின் சுவரிலேயே பதித்த முழுத்தொட்டியை உருவாக்கினார். அக்காலத்திலேயே கலிபோர்னியாவிற் சிலர் பழைய திராட்சை மதுப் பீப்பாய்களில் வெந்நீர் நிரப்பி அமரும் வழக்கத்தையும் தொடங்கினர். இவ்வாறு நோயாளியின் பொருட்டுத் தோன்றிய ஒன்று, நாளடைவில் இன்பப் பொருளாக உலகெங்கும் பரவியது.

எவ்வகைத் தொட்டியாயினும் அதன் உறுப்புக்கள் ஐந்து எனக் கொள்ளலாம். நீரைத் தாங்கும் கலம், நீரைச் சுழலச் செய்யும் பம்பி, நீரைச் சூடாக்கும் கருவி, மாசைத் தடுக்கும் வடிகட்டி, மேலே இடும் மூடி என்பனவே அவை. கடைக்குச் செல்வோர் கண்ணைக் கவர்வன கலத்தின் நிறமும், நீரடியில் ஒளிரும் விளக்குகளும், பீச்சுகுழாய்களின் எண்ணிக்கையுமே. எனினும் தொட்டியின் நன்மை தீமையைத் தீர்மானிப்பவை கண்ணுக்குப் புலப்படாத ஏனைய உறுப்புக்களே.

முதலில் எண்ண வேண்டியது பாரம். ஓர் இலீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஐவர் அமரத்தக்க தொட்டியில் ஏறக்குறைய 1,500 இலீற்றர் நீர் கொள்ளும் என்போம். நீர் மட்டும் ஒன்றரைத் தொன். கலத்தின் நிறையையும் அமர்வோரின் நிறையையும் கூட்டினால் மொத்தம் இரண்டு தொன்னைத் தாண்டிவிடும். நான்கு சதுர மீற்றர் பரப்பில் இது தங்கும்போது, சதுர மீற்றர் ஒன்றுக்கு 500 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் விழுகின்றது. வீடுகளின் மாடித் தளங்களோ பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரையுள்ள பாரத்தைத் தாங்குமாறே அமைக்கப்படுகின்றன. ஆகவே, பொறியியலாளர் ஒருவரின் ஆலோசனையின்றி மாடியிலோ, மரப்பலகைத் தளத்திலோ தொட்டியை வைத்தல் பேராபத்தாகும். நன்கு இறுக்கிய நிலத்தின்மேல் இட்ட மட்டமான கொங்கிறீற் தளமே இதற்கு ஏற்றது. நிலம் ஒருபுறம் தாழுமாயின் கலமும் திருகி வெடிப்புறும். தொட்டியை இறக்கிக் கொண்டுவரும் வழியையும், படலையின் அகலத்தையும் முன்னரே அளந்து பார்த்தல் வேண்டும். பழுது பார்ப்போர் பம்பியை அணுகுதற்குப் பக்கத்தில் இடம் விடுவதும், கழிவுநீர் வழிந்தோட வாய்க்கால் அமைப்பதும் மறக்கத் தகாதவை.

இரண்டாவது, வெப்பம். 1,500 இலீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 38 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறக்குறைய பதினேழரை யூனிற் மின்சாரம் செலவாகும். மூன்று கிலோவாற் வலுவுள்ள கருவி இதனைச் செய்து முடிக்க ஆறு மணித்தியாலம் செல்லும். நினைத்தவுடன் இறங்கி நீராட முடியாது என்பது இதனாற் பெறப்படும். ஆதலாலேயே பலர் நீரை எந்நேரமும் சூடாகவே வைத்திருக்கின்றனர். அவ்வாறு வைத்திருப்போருக்கு ஆகும் செலவு பெரும்பாலும் வெப்பம் வெளியேறும் வேகத்தைப் பொறுத்தது. வெப்பம் மிகுதியாக வெளியேறுவது நீரின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி வழியாகவே. மூன்று இலீற்றர் நீர் ஆவியாகிப் போனால், எஞ்சிய நீர் முழுவதும் ஒரு பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். ஆதலின் தடித்த, விளிம்பெங்கும் நன்றாகப் படியும் மூடி ஒன்று பல பீச்சுகுழாய்களிலும் மேலானது. கலத்தின் பக்கங்களில் வெப்பம் காக்கும் நுரைப்பொருள் நிறைக்கப்பட்டுள்ளதா என்பதையும் விற்பனையாளரிடம் கேட்டறிதல் தகும்.

மூன்றாவது, தொட்டியின் வகை. காற்றடித்து விரிக்கும் பிளாஸ்ரிக் தொட்டி விலையிற் குறைந்தது; வேண்டாதபோது மடித்து வைக்கத்தக்கது. ஆயின் அதன் சுவர் வெப்பத்தை நன்கு காப்பதில்லை, கூர்மையான பொருள் பட்டாற் கிழியும், நீடித்து உழைப்பதுமில்லை. இத்தகைய பொருள் தமக்கு வேண்டுமா வேண்டாவா என்பதையே இன்னும் அறியாதார் ஓராண்டு பயன்படுத்திப் பார்த்தற்கு இது போதுமானது. அக்கிரிலிக் என்னும் வழுவழுப்பான பொருளாற் செய்த நிலையான தொட்டி விலை மிக்கது. எனினும் துடைத்துத் துப்புரவு செய்தற்கு எளியது. ஆண்டுகள் பல உழைப்பது. மரத்தொட்டி காட்சிக்கு இனியது. யப்பானிலே ஹினோக்கி என்னும் மரமும், அமெரிக்காவிலே செம்மரமும் தேவதாருவும் இதற்குப் பயன்படுகின்றன. ஆயின் மரம் வற்றி உலருமாயின் இடைவெளி விட்டு ஒழுகும். அதன் நார்களில் அழுக்குப் படியும். அதனைப் பேணுதற்குப் பொறுமை மிக்கோரே அதனை வாங்கத் தகுந்தவர்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். அறுவர் அமரலாம் என விளம்பரஞ் செய்யப்படும் தொட்டியில் நால்வரே கால் நீட்டி அமர இயலும். விருந்தினர் என்றோ ஒருநாள் வருவரென்று பெருந்தொட்டி வாங்குவோர், நாள்தோறும் அப்பெரு நீரைச் சூடாக்கும் செலவைச் சுமக்கின்றனர். கடையிலேயே வெறுந்தொட்டியுள் ஏறி அமர்ந்து பார்க்க நாணுதல் வேண்டா. தோள் அளவு நீர் நிற்குமா, பாதம் தரையிற் படுமா, சாய்ந்து படுக்கும் இருக்கையில் உடல் மிதந்து எழாதா என்பன அவ்வாறே அறியப்படும். பீச்சுகுழாய்களின் எண்ணிக்கையைக் கண்டும் மயங்குதல் கூடாது. ஒரே பம்பியின் வலு நாற்பது துளைகளுக்குப் பகிரப்படுமாயின், ஒவ்வொன்றிலும் வரும் நீர் வலுக்குன்றியதாகவே இருக்கும்.

நான்காவது, மின்சாரம். நீரும் மின்னும் ஒருங்கிருக்கும் இடத்திற் சிறு கவலையீனமும் உயிரைப் பறிக்கும். தகுதி பெற்ற மின்வேலையாளரைக் கொண்டே இணைப்புச் செய்வித்தல் வேண்டும். செவ்வையான புவித்தொடுப்பும், மின் ஒழுகிய கணமே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர்த் தற்காப்பு ஆளியும் இன்றியமையாதவை. நீட்டுக்கம்பிகளை நிலத்தில் இழுத்து இணைப்பதும், தொட்டியின் அருகே வானொலிப் பெட்டி போன்றவற்றை மின்னிணைப்போடு வைப்பதும் அறவே விலக்கத் தக்கன.

ஐந்தாவதும் தலையாயதும் நீரின் தூய்மை. 1999ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நெதர்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே விற்பனைக்கெனக் காட்சியில் வைத்த வெந்நீர்த் தொட்டியொன்று நீர் நிரப்பி இயக்கப்பட்டது. அதனுள் இறங்கி நீராடாது, அவ்வழியே நடந்து சென்றவர்களிற் பலர் சில நாட்களில் கொடிய நுரையீரற் காய்ச்சலால் வீழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குமிழியிட்டுக் கொதிப்பதுபோல் எழுந்த நீரின் நுண்டிவலைகளோடு லெஜியோனெல்லா என்னும் பற்றீரியா காற்றிற் கலந்ததே இதற்குக் காரணம். இக்கிருமி 25 பாகை முதல் 45 பாகை வரையுள்ள வெப்பத்தில் நன்கு பெருகுவது. வெந்நீர்த் தொட்டியின் வெப்பநிலையோ சரியாக அவ்வெல்லைக்குள்ளேயே அமைந்துள்ளது.

இதற்குத் தடை குளோரின் அல்லது புரோமின் என்னும் மருந்தை இடையறாது உரிய அளவில் நீரில் வைத்திருப்பதே. பத்து இலட்சம் பங்கு நீருக்குக் குறைந்தது மூன்று பங்கு குளோரின் இருத்தல் வேண்டும் என்பதும், நீரின் பீ.எச். பெறுமானம் 7.0க்கும் 7.8க்கும் இடையில் நிற்றல் வேண்டும் என்பதும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தாரின் அறிவுரை. சூட்டினாலும், உடலின் வியர்வை எண்ணெய் முதலியவற்றாலும் மருந்தின் வலு விரைவிற் குறைந்துவிடும்; ஆதலின் சோதனைத் தாளை நீரில் தோய்த்து அடிக்கடி அளவு பார்த்தல் அவசியம். வடிகட்டியைக் கழுவுதலும், சில மாதங்களுக்கு ஒருமுறை நீரை முற்றாக வெளியேற்றிக் கலத்தையும் குழாய்களையும் சுத்தஞ் செய்தலும் இதனோடு சேர்ந்த கடமைகள். ஓசோன் கருவி முதலியவை துணை செய்யுமேயன்றி மருந்துக்கு ஈடாகா. இவ்வேலையைச் செய்வதற்கு வாரந்தோறும் சிறிது நேரம் ஒதுக்க இயலாதவர், தொட்டி வாங்காதிருத்தலே நன்று.

ஆறாவது, நீரை உள்ளிழுக்கும் துளை. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முன்னாள் இராசாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, வெந்நீர்த் தொட்டியின் அடித்துளையின் இழுவிசையிற் சிக்கி, நீரடியிலிருந்து எழ முடியாது உயிரிழந்தாள். நீந்தத் தெரிந்த சிறுமி அவள். அவளது தாயார் மேற்கொண்ட பெருமுயற்சியின் பயனாக, 2007ஆம் ஆண்டில் அந்நாட்டில் அச்சிறுமியின் பெயராலேயே சட்டமொன்று நிறைவேறியது. உடல் ஒட்டாதவாறு குவிந்த பாதுகாப்பு மூடியைத் துளைகளுக்கு இடல் வேண்டும் என்பது அதன் சாரம். வாங்குவோர் இம்மூடி உண்டா என்பதையும், இழுவிசை ஒரு துளையிலன்றி இரண்டு மூன்று துளைகளுக்குப் பகிரப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மூடி உடைந்த தொட்டியைச் செப்பஞ் செய்யுமுன் இயக்கலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் மேல்மூடிக்குப் பூட்டும் வேண்டும்.

இறுதியாக, அமர்வோரின் உடல்நிலை. நீரின் வெப்பம் 40 பாகைக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. நலமுள்ளவரும் கால்மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து அமர்தல் நன்றன்று. வெந்நீர் இரத்தக்குழாய்களை விரியச் செய்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகின்றது. சட்டென எழுவோர் தலைசுற்றி விழுவதுண்டு. யப்பானிலே ஆண்டுதோறும் முதியோர் பல ஆயிரவர் வீட்டுக் குளியற்றொட்டிகளில் உயிரிழக்கின்றனர். குளிர்காலத்தில் இத்தொகை மிகுகின்றது. ஆகவே அந்நாட்டரசின் நுகர்வோர் முகவரகம், நீர் 41 பாகைக்கு மேற்படாதிருக்கட்டும், பத்து நிமிடத்துக்குள் எழுந்திருங்கள் என்று மக்களை எச்சரிக்கின்றது. வெந்நீர் வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டியிருக்கின்றது. கருவுற்ற பெண்களும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இத்தொட்டியைத் தவிர்த்தல் வேண்டும். இருதய நோயுள்ளோரும், சூடு உணராவண்ணம் நீரிழிவால் நரம்பு தளர்ந்தோரும் வைத்தியரைக் கேட்டே இறங்கல் வேண்டும். மது அருந்தியவர் எக்காரணத்தாலும் இறங்கலாகாது.

இவையனைத்தையும் கேட்போர், இத்துணை இடர் நிறைந்த பொருள் எதற்கு என எண்ணுதல் கூடும். அடுப்பும் இடர் நிறைந்ததே. எனினும் அதன் இயல்பை அறிந்தமையால் எல்லா இல்லங்களும் அதனை ஆளுகின்றன. மூட்டுவலியால் வருந்தும் முதியவருக்கும், நாள் முழுதும் நின்று உழைத்த உடலுக்கும் இளஞ்சூடான நீர் அளிக்கும் ஆறுதல் உண்மையானது. அவ்வாறுதலை நாடுவோர் தொட்டியின் விலையை மட்டும் கணக்கிடாது, அதனைத் தாங்கும் நிலத்தையும், அது உண்ணும் மின்சாரத்தையும், நீரைப் பேணச் செலவாகும் நேரத்தையும், அதில் இறங்கப்போவோரின் உடல்நிலையையும் ஒருங்கு கணக்கிடல் வேண்டும். இந்நான்குக்கும் விடை கிடைத்தபின் கடைக்குச் செல்வோர், அங்குள்ள தொட்டிகளுள் தமக்குரியதைத் தேர்ந்துகொள்ளுதல் அரிதன்று.