கரைவலையும் ஆறாவது அறிவும்

மனிதன் மற்ற உயிர்களைவிட மேலானவன் என்று வாதிடுவோர், புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் இழுக்கப்படும் கரைவலையையே சான்றாகக் காட்டலாம். ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கரையிலிருந்து தோணி வலையை ஏற்றிச் சென்று, மீன் கூட்டத்தை வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பும். கயிற்றின் இரு தலைப்பையும் பிடித்து இரண்டு அணியாக நிற்பவர்கள், அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்து வைத்து, மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் நெருங்கி இழுப்பார்கள். வலையின் இரு கைகளிலும் கண்கள் பெரியவை. நெத்தலியும் சூடையும் தாராளமாக நுழைந்து தப்பிவிடலாம். ஆனால் அவை தப்புவதில்லை. அசைந்து வரும் கயிற்றுக்கும் வலைக்கும் அஞ்சி நடுப்பக்கம் ஒதுங்குகின்றன. ஒதுங்க ஒதுங்கக் கண்கள் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் மடி. மீனின் அச்சம் இன்னதென்று அறிந்து பின்னிய வலை அது. இப்படியொரு கருவியை வேறெந்த விலங்கும் செய்ததில்லை என்பதை மறுக்க முடியாது. அதைச் செய்ததனால் மனிதன் மேலானவன் ஆகிவிடுகிறானா என்பதுதான் கேள்வி.

நம் மரபு மனிதனை மேல்படியில்தான் வைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதருக்கு மனத்தோடு சேர்த்து ஆறு என்று அடுக்குகிறது. பள்ளிக்கூடத்தில் இத்தோடு நிறுத்திவிடுகிறோம். விலங்குகளிலும் ஒருசாராருக்கு அந்த ஆறாவது அறிவு உண்டு என்று அங்கேயே ஒரு குறிப்பு இருப்பதையும், பழைய உரை அதற்குக் கிளியையும் குரங்கையும் யானையையும் காட்டுவதையும் பெரும்பாலோர் கேள்விப்படுவதே இல்லை. மனித மனத்துக்கும் மேல்நிலை விலங்குகளின் மனத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், வகையில் அல்ல என்று 1871இல் டார்வின் எழுதினார். கருவி செய்வது மனிதனுக்கு மட்டுமே உரியது என்ற எல்லைக்கோடும் 1960இல் அழிந்தது. தான்சானியாவின் கொம்பே காட்டில் சிம்பன்சிகள் குச்சியின் இலைகளை உருவிவிட்டு, கறையான் புற்றுக்குள் விட்டுக் கறையானை எடுத்துத் தின்பதை ஜேன் குடால் கண்டார்.

இதெல்லாம் வெறும் இயல்பூக்கம், கற்று அறிந்ததல்ல என்பது வழக்கமான மறுப்பு. அதற்கு விடையாக, மீன்பிடிக்கும் ஊருக்கு நன்றாகப் புரியக்கூடிய சான்று தென் பிரேஸிலின் லகூனா என்ற ஊரில் இருக்கிறது. அங்கே மடவை மீன் வரும் காலத்தில் மீனவர்கள் வீச்சுவலையோடு இடுப்பளவு கலங்கல் நீரில் வரிசையாகக் காத்து நிற்கிறார்கள். மீன் இருக்குமிடம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. டொல்பின்கள் மீனைக் கரைப்பக்கம் துரத்திக்கொண்டு வந்து, சட்டென்று மூழ்கிக் குறி காட்டும். அந்தக் கணத்தில் வலை விழும். சிதறி ஓடும் மீன் டொல்பினுக்கு. நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் இந்தக் கூட்டுத் தொழிலில் இரு தரப்புக்கும் மீன் கூடுதலாகக் கிடைக்கிறது என்று 2023இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. அந்தக் களப்பின் டொல்பின்கள் எல்லாமே இப்படிச் செய்வதில்லை. தாயோடு திரிந்து பழகிக்கொண்டவைதான் செய்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறவியோடு வந்த பழக்கமானால் எல்லாமே செய்திருக்க வேண்டும். கற்பிட்டிக் கடலில் கூட்டம் கூட்டமாகத் துள்ளும் டொல்பின்கள் வேறு இனம். ஆனாலும் அவற்றைப் பார்க்கும் நம் பார்வையை லகூனா மாற்ற வேண்டும்.

மனிதனுக்கென்று தனிச்சிறப்பு எதுவும் இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. கரைவலையை எந்த ஒரு தனி ஆளும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தலைமுறை கண்டதன்மேல் அடுத்த தலைமுறை இன்னொன்றைச் சேர்த்தது. தென்னந்தும்புக் கயிறு நைலோன் ஆனது. இப்படி அறிவை அடுக்கடுக்காகச் சேர்த்துக் கைமாற்றிக்கொடுப்பதில் நமக்கு ஈடு இல்லை. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சேமிப்பு. தனி மனிதனின் தலைக்குள் இருக்கும் பெருமை அல்ல. நிலவுக்கு ஆள் அனுப்பிய இனம் என்று நாம் நெஞ்சை நிமிர்த்தினாலும், நம்மில் அநேகருக்கு ஒரு கயிறு திரிக்கவும் தெரியாது. திசைகாட்டி இல்லாமல் நடுக்கடலில் விட்டால் நாம் திகைத்துப்போவோம். மணலைக் கிளறி வெளியே வந்த ஆமைக்குஞ்சோ பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை அறிகிறது. எந்த அளவுகோலை எடுத்தாலும் அதைச் செய்தவர் நாமே என்பதால், முதலிடம் நமக்கே கிடைப்பதில் வியப்பில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கவே மனிதனால்தானே முடிகிறது என்பார்கள். உண்மைதான். அது நம் ஆற்றலுக்குச் சான்று. தரவரிசைக்குச் சான்று அல்ல. ஆற்றல் வேறு, மேன்மை வேறு என்பதைப் புத்தளம் மாவட்டம் விலைகொடுத்தே கற்றது. களப்போரக் கண்டல் காடுகளை வெட்டி இறால் பண்ணை போட்டதும் இதே சேமித்த அறிவுதான். 1990களில் வெண்புள்ளி நோய் பரவி, பண்ணைகள் வரிசையாகக் கைவிடப்பட்டன.

விலங்கு தாழ்ந்ததல்ல என்றால் மீன்பிடித்து வாழும் ஊர் என்ன செய்வது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாரை சூடையைத் தின்பது சூடை தாழ்ந்தது என்பதற்காக அல்ல. பசிக்கும் பிழைப்புக்கும் பிடிப்பவனுக்கும் அப்படியொரு சாக்குத் தேவையில்லை. அந்தச் சாக்கு, தேவைக்கு மேல் அள்ளுபவனுக்குத்தான் வேண்டியிருக்கிறது. மீன், ஊர்வன உள்ளிட்ட முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்துக்கும், நண்டு இறாலுக்கும்கூட, உணரும் அகம் இருக்கக்கூடும் என்பதைப் புறந்தள்ள முடியாது என்று 2024இல் நியூயோர்க் பிரகடனத்தில் விஞ்ஞானிகள் பலர் கையெழுத்திட்டார்கள். இலங்கைச் சட்டம் கடலாமையையும் கடற்பசுவையும் கொல்லக் கூடாதென்று எப்போதோ தடுத்துவிட்டது. இரண்டுமே மூச்சுவிட மேலே வந்தாக வேண்டியவை. கடலில் விட்டுவைத்த செவுள்வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கரைவலை அன்றே கரைக்கு வருவதால், அதில் அகப்பட்ட ஆமையை உயிரோடு பிரித்துக் கடலில் விட முடியும். அப்படி விடுபவர், ஆமைக்கு எத்தனை அறிவு என்று எண்ணிப் பார்த்துவிட்டு விடுவதில்லை.