குளிருக்கு ஏற்ற இஞ்சி ஒயின்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் இரட்டை நகரங்களில் இரவு வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம். ஸ்வெட்டரையே அறியாமல் வளர்ந்த நம்மவர்களுக்கு அது பெருங்குளிர்தான். ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை சேர்த்துச் சூடாக்கிக் குடிப்பார்கள். ஜெர்மானியர் இதைக் ‘குளூவைன்’ என்பர். மேல்நாடு போய்வரும் நம் பிள்ளைகள் இந்தச் செய்முறையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கூடவே, “சூடாக்கினால் மது ஆவியாகிவிடும், எல்லோரும் குடிக்கலாம்” என்ற பேச்சும் வருகிறது. அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தூய மதுசாரம் கொதிப்பது 78 டிகிரியில். தண்ணீர் 100 டிகிரியில். இரண்டும் கலந்திருக்கும்போது ஒன்று முழுவதும் போய் மற்றது மட்டும் நிற்பதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த பின்னும் சேர்த்த மதுவில் 40 சதவீதம் எஞ்சும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் 25 சதவீதம் எஞ்சும். குளூவைனையோ கொதிக்கவே விடுவதில்லை, ஆவி வரும்வரை சூடாக்குவதோடு சரி. ஆகவே அதில் பெரும்பகுதி மது அப்படியே இருக்கும். குழந்தைகளுக்கு அது ஆகாது.

மது உடம்பைச் சூடாக்கும் என்பதும் தவறான எண்ணமே. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சூடு வெளியே போய்விடுவதால் உடம்பின் உள் வெப்பம் குறைகிறது. குளிருக்கு இதமென்று பிராந்தி அருந்தும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அந்தப் பானத்தில் இதம் தருவது எது? அதன் சூடும் மசாலாவும்தான். இஞ்சி, மிளகு, மிளகாய் ஆகியவற்றின் காரச் சத்து, சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ரோமானியர்கள் அன்றே ஒயினில் தேனும் மிளகும் சேர்த்துக் காய்ச்சினார்கள். அவர்களுக்கு மிளகு போனது நம் சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து. அவர்களுடைய ஒயின் சாடிகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆக, பானம் அவர்களுடையது என்றாலும் அதன் காரம் நம்முடையது!

மது இல்லாமலே இந்த இதத்தைத் தரும் பானம் ஒன்று நம் ஊரிலேயே உண்டு. நிஜாம் ரயில்வே காலத்திலிருந்து லாலாகுடா, மெட்டுகுடா பகுதிகளில் வாழ்ந்துவரும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு தரும் இஞ்சி ஒயின்தான் அது. பெயரில்தான் ஒயின்; நொதிக்க விடாமல் காய்ச்சுவதால் அதில் மது கிடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழக்கமான ருசி.

தேவையானவை: இஞ்சி 250 கிராம், சர்க்கரை 1 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், காய்ந்த மிளகாய் 4, கிராம்பு 8, பட்டை 2 துண்டு, எலுமிச்சம்பழம் 6. நிறத்துக்குத் தனியாக 4 மேசைக்கரண்டி சர்க்கரை.

செய்முறை: இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, மிளகாய், பட்டை, கிராம்போடு தண்ணீரில் போட்டு, ஒன்றரை லிட்டராகச் சுண்டும்வரை சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. எலுமிச்சைப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். வடிகட்டி, மூடி, ஓர் இரவு ஃபிரிஜ்ஜில் வையுங்கள். அடியில் வெள்ளையாக இஞ்சி மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, சர்க்கரை சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டு இறக்குங்கள். தனிச் சர்க்கரையை வாணலியில் கரும்பழுப்பாகும்வரை உருக்கி, அரை டம்ளர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரையுங்கள். அப்போது அது சீறித் தெறிக்கும். சற்றுத் தள்ளி நில்லுங்கள். இதைக் கலந்தால் ஒயின் நிறம் வந்துவிடும். ஆறியபின் எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய பாட்டில்களில் ஊற்றுங்கள். அருந்தும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர் விட்டுக்கொள்ளலாம்.

பாட்டிலை ஃபிரிஜ்ஜில்தான் வைக்க வேண்டும். ஜாம் போன்றவற்றைச் சர்க்கரை மட்டுமே காப்பாற்ற, எடையில் சுமார் 65 சதவீதம் சர்க்கரை தேவை. இதில் அவ்வளவு இல்லை. வெளியே வைத்தால் காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து நொதிக்கத் தொடங்கும். 100 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 25 லிட்டருக்கும் அதிகமான கரியமில வாயு வரும். இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் அது சேர்வது, சேஃப்டி வால்வு இல்லாத பாய்லருக்கு நெருப்பு மூட்டுவது போலத்தான்; பாட்டில் வெடித்துவிடும். ஃபிரிஜ்ஜில் வைத்தாலும் மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நுரை கண்டாலோ, மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்றாலோ கொட்டிவிடுங்கள். வேண்டுமென்றே ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பது வேறு விஷயம். இங்கே 1968ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: இந்தச் சாறு 60 மில்லியில் ஏறத்தாழ 6 தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. அவர்களுக்காக, சர்க்கரை சேர்க்கும் முன்பே தெளிந்த கஷாயத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். வெந்நீரும் எலுமிச்சையும் கலந்தால் அவர்களும் எல்லோருடனும் அமர்ந்து அருந்தலாம்.

மேலே சொன்ன அளவுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும். வீட்டுக்குப் போக மீதியில், தீபாவளிக்கு நம் முறுக்கை வாங்கிக்கொண்ட அண்டை வீட்டாருக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். “ஃபிரிஜ்ஜில் வையுங்கள்” என்று பாட்டில்மேல் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.