மைசூர்ச் சந்தன எண்ணெயும் லிட்டர், கிலோ கணக்கும்

மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடைகளையும் குங்குமக் குவியல்களையும் தாண்டிப் போனால் வாசனை எண்ணெய்க் கடைகள் வரும். இந்த வியாபாரத்தின் பழைய அளவு தோலா. தோலா என்பது எடை, அதாவது 11.66 கிராம். ஆனால் அத்தர் வியாபாரத்தில் ஒரு தோலா பாட்டில் என்றால் ஏறக்குறைய 12 மில்லி பிடிக்கும் சின்னக் குப்பி. எடையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். கொள்ளளவைப் பார்த்து நிரப்பித் தருகிறார்கள். சந்தன எண்ணெயைப் பொறுத்தவரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஏன் என்பதை அந்த எண்ணெயின் அடர்த்தி சொல்லிவிடும்.

ஒரு மில்லி இடத்தில் எத்தனை கிராம் அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. கொள்ளளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை வரும். எடையை அடர்த்தியால் வகுத்தால் கொள்ளளவு வரும். (பாடப்புத்தகம் இதை நிறை என்று சொல்லும், கடைத்தெருக் கணக்கு என்பதால் இங்கே எடை என்றே வைத்துக்கொள்வோம்.) இந்தியச் சந்தன எண்ணெய்க்கு 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 0.968 முதல் 0.983 வரை இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தரம். நடுவில் 0.972 என்று எடுத்துக்கொண்டு 12 மில்லியைப் பெருக்கிப் பாருங்கள்: 11.66. தோலா சரியாக வந்துவிடுகிறது.

லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குத் தண்ணீரிடமிருந்து வந்த பழக்கம். 1790-களில் பிரான்சில் மெட்ரிக் அளவுகளை உருவாக்கியவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரின் எடையையே கிலோகிராம் என்று வைத்தார்கள். அதனால் தண்ணீருக்கு மட்டும் கணக்கே தேவையில்லை. மைசூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணை 124.8 அடி நிரம்பி நின்றால் அதில் 49.45 டி.எம்.சி. தண்ணீர். அது ஏறக்குறைய 140 கோடி கன மீட்டர். ஆகவே எடை 140 கோடி டன். எண்ணை மாற்றாமல் அலகை மட்டும் மாற்றினால் போதும். இந்தச் சலுகையை மற்றத் திரவங்களுக்கும் நீட்டினால்தான் பணம் கைவிட்டுப் போகிறது.

சந்தன எண்ணெயை மொத்தமாக வாங்கி விற்பவர்கள் கிலோவில்தான் பேசுவார்கள். கணக்குக்காக ஒரு கிலோ 2 லட்சம் ரூபாய், அடர்த்தி 0.975 என்று வைப்போம். ஒரு லிட்டர் கேனை நிரப்பி, ‘இதோ ஒரு கிலோ’ என்று ஒருவர் கொடுத்தால் உள்ளே இருப்பது 975 கிராம். குறைவது 25 கிராம், அதன் மதிப்பு 5,000 ரூபாய். முழுக் கிலோ வேண்டுமென்றால் 1,026 மில்லி ஊற்ற வேண்டும்.

இந்த எண்ணெயை இங்கேயே வடித்தெடுக்கும் தொழில் முதல் உலகப் போரால் பிறந்தது. போருக்கு முன்பு மைசூர் சமஸ்தானத்துச் சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவுக்கு, முக்கியமாக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தன. போர் அந்த வழியை அடைத்தது, கட்டைகள் தேங்கின. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் விஸ்வேஸ்வரய்யா திவானாகவும் இருந்த காலம் அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்ற வேதியியலாளர்கள் எண்ணெய் வடிக்கும் முறையைச் சோதித்துத் தந்தார்கள். 1916-ல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. கச்சாப் பொருளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு ஊர், நெருக்கடி வந்தபோது ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டியது என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி.

ஆலையிலும் அடர்த்திதான் வேலை செய்கிறது. வைரக்கட்டையைத் தூளாக்கி அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். ஆவி எண்ணெயையும் சுமந்துகொண்டு வெளியே வரும். குளிரவைத்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து சொட்டும். சந்தன எண்ணெய் தண்ணீரைவிட ஒரு மயிரிழைதான் லேசு என்பதால் மெதுவாக மேலேறி மிதக்கும். அதைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். கிராம்பு எண்ணெயின் அடர்த்தி 1.04-க்கு மேல், அது அடியில் போய்த் தங்கும், கீழிருந்துதான் வடிக்க வேண்டும்.

அடர்த்தியை அளக்கும் கருவி பார்க்க மிக எளிது. ஒப்படர்த்திக் குப்பி என்ற சின்னக் கண்ணாடிக் குப்பி, அதன் மூடியின் நடுவே நூல் நுழையும் அளவு துளை. குப்பி வழிய நிரப்பி மூடியை அழுத்தினால் மிகுதி அந்தத் துளை வழியாக வெளியேறிவிடும். வெளியே ஒட்டியதைத் துடைத்துவிட்டு எடை போட வேண்டும். காலிக் குப்பி, தண்ணீரோடு, எண்ணெயோடு என்று மூன்று எடைகள். காலிக் குப்பியின் எடையைக் கழித்த பிறகு 20 டிகிரியில் தண்ணீர் 24.95 கிராம், எண்ணெய் 24.33 கிராம் என்றால், இரண்டாவதை முதலாவதால் வகுக்க 0.975. ஒரே குப்பி, ஒரே வெப்பநிலை என்பதால் குப்பியின் கொள்ளளவு நமக்குத் தெரிந்திருக்கவேகூட வேண்டாம். அளவியலில் இத்தனை அழகான உபாயம் வேறு அதிகமில்லை.

வெப்பநிலையைச் சொல்லாமல் அடர்த்தியைச் சொல்வதில் பொருளில்லை. சூடானால் எண்ணெய் விரியும். எடை அப்படியே இருக்க, கொள்ளளவு கூடும். வாசனை எண்ணெய்களின் அடர்த்தி ஒரு டிகிரிக்குச் சுமார் 0.0007 குறைகிறது. 20 டிகிரியில் 0.975 காட்டிய சுத்தமான எண்ணெய், ஏப்ரல் மாத மதியம் 35 டிகிரியில் 0.965-க்கு இறங்கி, தரத்துக்கு வெளியே இருப்பதுபோல் தெரியும்.

சமையல் எண்ணெய் பாக்கெட்டிலும் இதே சிக்கல் இருந்தது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர், 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில நிறுவனங்கள் உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் கணக்கு எழுதியதால், பாக்கெட்டுக்குள் எண்ணெய் குறைந்தது. எனவே 2022-ல் மத்திய அரசு, அளவோடு வெப்பநிலையை எழுதாமல், எடையையும் சேர்த்துப் போடச் சொன்னது. வாங்கும்போது கிராமைப் பாருங்கள். சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது.

அடர்த்தி சரியாக வந்துவிட்டது என்பதற்காக எண்ணெய் சுத்தம் என்று நம்பிவிடவும் கூடாது. கலப்படத்துக்குப் பயன்படும் விளக்கெண்ணெயின் அடர்த்தி 0.96. கொஞ்சம் கலந்தால் குப்பியால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சாண்டலால் என்ற வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்றும் சோதிக்கிறார்கள்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். தசரா ஊர்வலத்தில் சாமுண்டேஸ்வரியைத் தாங்கிவரும் அம்பாரி 750 கிலோ என்றும், அதில் 80 கிலோ தங்கம் என்றும் சொல்வார்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3. எண்பதை அதால் வகுத்தால் 4.15 லிட்டர்தான், ஒரு சின்ன வாளியில் அடங்கிவிடும். அதையே ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடாக அடித்தால் நான்கு சதுர மீட்டருக்குச் சற்று மேல் மூடும். அரை மில்லிமீட்டராக அடித்தால் எட்டு. அது சொக்கத்தங்கமாக இல்லாமல் 22 காரட்டாக இருந்தால், அடர்த்தி 17.7-ஐ ஒட்டி இருக்கும். அதே 80 கிலோ அப்போது நாலரை லிட்டராகிவிடும்.