சர்வதேச உறவுகள் எனும் கல்வி

அரசுகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவை ஆராயும் கல்வி பழையதும் ஆகும், புதியதும் ஆகும். தூதும் பகையும் நட்பும் பற்றிக் கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் விரித்துரைத்தார். திருவள்ளுவரும் பொருட்பாலில் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப் பேராசிரியர் பதவி உண்டானது 1919ஆம் ஆண்டிலேதான். முதலாம் உலகப் போர் முடிந்ததும், இத்தகைய பேரழிவு மீண்டும் நேராதிருக்க வழி யாது என்ற வினா எழுந்தது. அவ்வினாவின் விளைவாக வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் அப்பதவி நிறுவப்பட்டது. ஆகவே இக்கல்வி துயரத்திலிருந்து பிறந்த கல்வி என்று கூறுதல் மிகையாகாது.

இலங்கையில் 1942இல் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் அரசறிவியல் படிப்படியாகத் தனித்துறையாக வளர்ந்தது. பேராதனையில் கற்பித்த பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன், கொழும்பில் கற்பித்த பேராசிரியர் ஷெல்டன் கொடிகார ஆகியோர் இத்துறையை உருவாக்கியவர்களுள் குறிப்பிடத்தக்கவர். முன்னவர் நாட்டின் அரசியல் யாப்பையும் இனப் பிரச்சினையையும் ஆராய்ந்தார். பின்னவர் இந்திய - இலங்கை உறவுகளை ஆராய்ந்தார்.

இக்கல்வி தலைநகரத்தாருக்கே உரியது, கரையோரத்து உழவருக்கும் மீனவருக்கும் இதனால் ஆவதென்ன என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். அம்பாறைக் கரையோரமே இதற்கு விடை கூறும். வினாயகபுரத்திலிருந்து வடக்கே செல்வோர் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, ஒலுவில், காரைதீவு, கல்முனை எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருவதைக் காண்பர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூர்களுள் எதனையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்கள் மாண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

அலை வேறுபடுத்தவில்லை, பின்வந்த உதவியோ அவ்வாறு எளிதாக அமையவில்லை. உதவியைப் பங்கிடுவதற்கென அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் மாதத்தில் பொதுக்கட்டமைப்பு என்னும் உடன்பாட்டைச் செய்தன. பெரிதும் பாதிக்கப்பட்ட முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் அதில் ஒப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை முஸ்லிம்களுக்கு உரியவையா, மாவட்டத்தின் எல்லா இனத்தாருக்கும் உரியவையா என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அந்நிலம் தீகவாபிப் புனித பூமியைச் சார்ந்தது என்ற வாதமும் எழுந்தது. வீடிழந்தோர் வீடின்றி இருக்க, கட்டிய வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன.

இந்த ஒரு செய்தியில் எத்தனை பாடங்கள் அடங்கியுள்ளன! ஓர் அரசு மற்றோர் அரசின் மக்களுக்கு ஏன் உதவுகிறது என்பது வெளிநாட்டுக் கொள்கை. உதவியை ஏற்கும் அரசின் இறைமை எத்தகையது என்பது சர்வதேச சட்டம். நிலத்தைப் பங்கிடும் அதிகாரம் யாருக்கு என்பது அரசியல் யாப்பு. அருகருகே வாழும் மூவினத்தார் ஒருவரையொருவர் ஏன் ஐயுறுகின்றனர் என்பது அரசியற் சமூகவியல். முதற்பட்டம் இவற்றைத் தனித்தனியே கற்பிக்கிறது. பட்டப்பின் படிப்போ இவற்றை ஒருங்கே நோக்கி, ஒரு வினாவை எழுப்பி, சான்று தேடி, விடை காணப் பழக்குகிறது. முதுகலைமாணிப் படிப்பில் பாடநெறி மிகுதி; முதுதத்துவமாணிப் படிப்பில் ஆய்வேடே முதன்மையானது.

அவ்வாய்வில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது மொழி. கரையோரத்து மாணவர் பெரும்பாலும் தமிழிலேயே கற்கின்றனர். இத்துறையின் நூல்களும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலத்தை அஞ்சி ஒதுக்குவோர் குறிப்புகளை மனனஞ்செய்வதோடு நின்றுவிடுவர். தமிழை ஒதுக்குவோரோ தம் ஊர் முதியவரின் சொல்லைச் சான்றாகப் பதிவு செய்யும் ஆற்றலை இழப்பர். இரண்டும் வேண்டும்.

இரண்டாவது இடர் நடுநிலை. வினாயகபுரத்து மாணவர் தம் ஊராரை மட்டும் கேட்டு எழுதினால் அது முறையீடாகும்; ஆய்வாகாது. அக்கரைப்பற்று மாணவருக்கும் தீகவாபி மாணவருக்கும் இதுவே பொருந்தும். தமக்கு உவப்பற்ற சான்றையும் மறையாது எடுத்துவைப்பதே இக்கல்வியின் முதல் ஒழுக்கம்.

பயன் குறித்தும் மயக்கம் வேண்டாம். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வழியாகவே ஆள் சேர்க்கப்படுகிறது. முதுகலைமாணிப் பட்டம் மட்டுமே தூதரகக் கதவைத் திறந்துவிடாது. தொழிலுக்காக மட்டும் இதனை நாடுவோர் முன்னரே தீர எண்ணிப் பார்த்தல் நன்று. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்து, அதில் யார் பெயர் உள்ளது, யார் பெயர் விடுபட்டது என்று கண்டு சொல்ல வல்லவர் ஒவ்வோர் ஊருக்கும் தேவை.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டில் முழுமை பெற்று, இன்று ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தால் இவ்வாய்ப்பு வீட்டு வாயிலுக்கே வந்துள்ளது. ஆழிப்பேரலையைக் கண்ணாற் கண்ட தலைமுறை மூப்படைந்து வருகிறது. அவர்கள் கூறுவதை இன்றே கேட்டு எழுதாவிடின், இக்கரையின் வரலாற்றை அயலார் எழுதிய அறிக்கைகளிலிருந்தே நாளைய மாணவர் கற்க நேரும்.