புதுக்கோட்டைச் செம்புறாங்கல் சரளையும் நிலைப்படுத்திய சாலைத்தளத்தின் வலிமைச் சோதனையும்

ஆய்வுச்சுருக்கம்

சிமெண்ட் கலந்து நிலைப்படுத்திய சரளையின் அமுக்க வலிமை பொருளின் இயல்பை மட்டும் சார்ந்ததன்று; மாதிரியின் வடிவம், உலர்த்திய முறை, இறுக்கிய முறை, ஊறவைத்த காலம் ஆகியவற்றையும் சார்ந்தது. புதுக்கோட்டை மாவட்டச் சரளையை முன்வைத்து இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிப்புச்சொற்கள்: செம்புறாங்கல், நிலைப்படுத்தல், அமுக்க வலிமை, சாலை அடித்தளம்

முன்னுரை

புதுக்கோட்டை, ஆலங்குடி, கந்தர்வகோட்டை வட்டாரங்களின் மேட்டுநிலங்களில் செம்புறாங்கல் படிவு பரவலாக உள்ளது. அதன் சிதைவில் விளைந்த சரளையைச் சாலைப் பணியாளர் ‘கிராவல்’ என்றே வழங்குவர். மாவட்டத்தில் கருங்கல் குவாரிகளுக்கும் குறைவில்லை. எனினும், அடித்தளம் முழுவதற்கும் உடைத்த கல்லைக் கொண்டுவருவதைவிட, அருகில் கிடைக்கும் சரளையில் சிறிதளவு சிமெண்ட் கலப்பது கல்லையும் வண்டிச் செலவையும் மிச்சப்படுத்தும். ஒரு சரளை அதற்குத் தகுமா என்பதை ஆய்வுக்கூடம் தரும் ஓர் எண்ணே பெரும்பாலும் முடிவுசெய்கிறது.

எண்ணும் அதன் எல்லைகளும்

மாதிரியைப் பக்கத்தாங்கல் இன்றி மேலிருந்து அமுக்கி உடைக்கும் சோதனையை ஐ.எஸ். 4332 தரநூலின் ஐந்தாம் பகுதி (1970) வகுத்துரைக்கிறது. சிமெண்டால் நிலைப்படுத்திய அடித்தளத்திற்கு 7 நாள் வலிமை 4.5 முதல் 7 மெகாபாஸ்கல் வரையும், துணை அடித்தளத்திற்கு 1.5 முதல் 3 வரையும் இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டியின் (2018) நெறி. சுண்ணாம்பின் வினை மெதுவானது. ஆகவே அதற்கு 28 நாள் வலிமை கணக்கில் கொள்ளப்படும். மேல்வரம்பு எதற்கு என்று மாணவர் வினவுவதுண்டு. சிமெண்ட் மிகுந்தால் தளம் விறைத்துச் சுருங்கி வெடிக்கும். அவ்வெடிப்பு தார்த்தளத்தின் வழியே மேலேறும்.

இனி மாதிரியின் வடிவம். அழுத்தும் தகட்டுக்கும் மாதிரியின் முகத்துக்கும் இடையிலான உராய்வு, முகத்தை ஒட்டிய பகுதி பக்கவாட்டில் விரிவதைத் தடுக்கிறது. குட்டையான மாதிரியில் இத்தடை ஏறத்தாழ முழு உயரத்தையும் பற்றிக்கொள்ளும்; நெடிய உருளையின் நடுப்பகுதியோ அதிலிருந்து விடுபட்டு, குறைந்த சுமையிலேயே உடையும். பிரித்தானியப் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 1993இல் வெளியிட்ட ‘ஓவர்சீஸ் ரோடு நோட் 31’, 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை அளவுகோலாகக் கொண்டு, 100 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. உயரமும் உடைய உருளைக்கு 1.25 என்றும், 152 மி.மீ. விட்டமும் 127 மி.மீ. உயரமும் உடைய உருளைக்கு 0.96 என்றும் திருத்தக்காரணிகளைத் தருகிறது. நெடிய உருளையில் 3.8 மெகாபாஸ்கல் கிடைத்ததாகக் கொள்வோம். கனசதுர அளவில் அது 4.75. குட்டை உருளையில் கிடைத்த 4.6 அதே அளவில் 4.42 ஆகும். திருத்தாமல் ஒப்பிட்டால், தேறவேண்டியது தள்ளப்படும், தள்ளவேண்டியது தேறிவிடும். மாதிரியின் அளவைக் குறிப்பிடாத வலிமை அட்டவணையைக் கொண்டு இரு சரளைகளை ஒப்பிடுவது பொருளற்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

சரளையின் தனி இயல்பு

செம்புறாங்கல் மண் வகைகளை 105 பாகை செல்சியசில் அடுப்பில் உலர்த்தினால், இரும்பு ஹைட்ராக்சைடுகளும் நீரேறிய களிக்கனிமங்களும் இழந்த நீரை மீண்டும் முழுமையாக ஏற்பதில்லை. நுண்துகள்கள் ஒட்டித் திரள்வதால் களித்தன்மை உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். அவ்வளவீட்டை நம்பி வகுக்கும் கலவையில் சிமெண்ட் போதாமற்போகலாம். எனவே, இம்மண்ணை நிழலில் காற்றாட உலர்த்துவதே ஏற்றது.

சரளைக் குருணைகள் இடிப்பில் நொறுங்கும் இயல்புடையன. புராக்டர் சோதனையில் ஒரே மண்ணைத் திரும்பத் திரும்ப இடித்தால், இறுதியில் அளக்கப்படுவது வேறொரு மண். ஒவ்வோர் ஈரப்பதத்திற்கும் புதிய மண் வேண்டும். சிமெண்ட் கலந்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் இறுக்கிவிட வேண்டும் என்னும் களவிதியும் நினைவிற்கொள்ளத்தக்கது. கலந்த உடனே வார்த்த ஆய்வுக்கூட மாதிரி, உருளை வண்டிக்காகக் காத்துக்கிடந்த கலவையின் வலிமையைக் காட்டாது.

நீரின் சோதனை

புதுக்கோட்டை கண்மாய்கள் நிறைந்த மாவட்டம். ஊர்ச்சாலைகள் பலவும் கரையோரமாகவோ கரைமீதோ செல்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகும்போது அச்சாலைகளின் அடித்தளம் நாள்கணக்கில் ஈரத்தில் கிடக்கும். ஆதலின், ஈரங்காத்துப் பதப்படுத்திய மாதிரியின் 7 நாள் வலிமை மட்டும் இங்குப் போதாது. 7 நாள் பதப்படுத்திப் பின் 7 நாள் நீரில் மூழ்கவைத்த மாதிரியின் வலிமை, 14 நாளும் ஈரங்காத்துப் பதப்படுத்திய மாதிரியின் வலிமையில் 80 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. குறையுமாயின் உடனே சிமெண்டைக் கூட்டுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் முன்னர்க் கூறிய சுருக்க வெடிப்பு அங்கே காத்திருக்கிறது. களித்தன்மை மிகுந்த சரளையாயின், முதலில் சிறிது சுண்ணாம்பிட்டுக் களியைத் தணித்து, அதன்பின் சிமெண்ட் கலந்து, புதிய மாதிரிகளில் இரு வலிமைகளையும் மீண்டும் அளந்து பார்ப்பதே முறை.