முதலில் எந்தப் பெடல் வாங்கலாம்?

நம் கழகத்தின் கலை நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடக்கும் நாட்களில், முன்னாள் மாணவன் என்ற உரிமையில் நானும் போய் எட்டிப் பார்ப்பதுண்டு. தபேலா, கீபோர்டு, பாடகர்கள் என எல்லாரும் கூடியிருக்கும் அறையின் ஒரு மூலையில் மின்கித்தாரோடு ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். தேநீர் இடைவேளையில் அவர் மெதுவாக வந்து கேட்கும் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றுதான்: “அண்ணா, முதல்ல எந்த டிஸ்டோர்ஷன் பெடல் வாங்கலாம்?”

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அப்படி யாரோ சொன்ன பெயரை நம்பி வாங்கி, அம்மாவின் கூடுதல் நேர உழைப்பை வீணாக்கியவன் நான். ஆகவே, இந்த இதழின் வழியாகச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஒலி ஏன் கிழிகிறது?

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போயிருப்பீர்கள். வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. பக்கத்துப் பந்தலை வெல்ல நினைத்து ஒருவர் திருகை முழுவதும் திருப்பிவிடுவார். பாட்டு பெரிதாவதற்குப் பதிலாகக் கரகரத்துக் கிழியும். இந்தக் கிழிசல்தான் டிஸ்டோர்ஷன். கித்தார்க்காரர்கள் செய்ததெல்லாம், அந்தப் பிழையை அளவோடு பிடித்து ஒரு பெட்டிக்குள் அடைத்ததுதான்.

எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே வரும் ஒலியலை அந்த எல்லையைத் தாண்டினால், அலையின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில், நாம் மீட்டிய சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என அமையும் மேற்சுரங்களும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் ஒலி தடித்து, முரட்டுத்தனம் கொள்கிறது. இன்னொரு பயனும் உண்டு. மீட்டிய சுரம் தேய்ந்துகொண்டே போனாலும், பெடல் அதைப் பெருக்கி அதே உச்சிவரை தள்ளிக்கொண்டே இருப்பதால், சுரம் நீண்ட நேரம் நிற்கிறது.

இதன் வரலாறும் பிழைகளின் வரலாறுதான். 1958-இல் ‘ரம்பிள்’ என்ற இசைத்துண்டை வாசித்த லிங்க் ரே, கரகரப்பு வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரின் காகிதத்தில் துளை போட்டார். 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாடல் ஒன்றை அமெரிக்காவின் நேஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்தபோது மிக்சரின் ஒரு பகுதி பழுதாகி, கித்தார் உறுமியது. அந்த உறுமலை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டியாக ‘மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ 1962-இல் வெளிவந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1965-இல் அதைப் பயன்படுத்திய பிறகுதான் உலகம் அதைத் தேடத் தொடங்கியது. பிறகு ஜப்பானியரின் காலம் வந்தது. போஸ் நிறுவனத்தின் ஓ.டி.-1 ஓவர்டிரைவ் 1977-இலும், ஆரஞ்சு நிற டி.எஸ்.-1 டிஸ்டோர்ஷன் 1978-இலும், ஐபனேஸின் பச்சை நிற டியூப் ஸ்கிரீமர் 1979-இலும் வந்தன.

மூன்று குடும்பங்கள்

கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெடல்களைக் கண்டு மிரள வேண்டாம். அவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது ஓவர்டிரைவ். இது அலையின் உச்சியை மழுக்கி வளைக்கும். டியூப் ஸ்கிரீமரும், 1981-இல் வந்த போஸ் எஸ்.டி.-1-உம் இந்தக் குடும்பம். மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் பேசும். விரலின் பேச்சைக் கேட்கும் பெடல் என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாவது டிஸ்டோர்ஷன். இது உச்சியைக் கத்தியால் அரிந்தாற்போல் வெட்டும். டி.எஸ்.-1, அமெரிக்காவின் ‘ரேட்’ ஆகியவை இந்த வகை. மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒலி ஏறத்தாழ ஒரே பருமனில் வரும்.

மூன்றாவது ஃபஸ். அலையைச் சதுரம் போலவே ஆக்கிவிடும் மூத்த குடும்பம். கேட்க இன்பமானது என்றாலும், பழக்குவது கடினம். முதல் பெடலாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெட்டும் வேலையைச் செய்வது பெரும்பாலும் டயோடு என்னும் சிறு மின்பாகம். சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட் வந்ததும் கதவைத் திறந்துவிடும். அதற்கு மேல் அலை எழ முடியாது. எதிரெதிர்த் திசையில் வைத்த இரண்டு டயோடுகள் அலையின் மேல் உச்சியையும் கீழ் உச்சியையும் வெட்டுகின்றன. டியூப் ஸ்கிரீமரில் இவை பெருக்கும் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் வெட்டு மென்மையாக அமைகிறது. டி.எஸ்.-1-இல் பெருக்கி முடித்த பிறகு வெட்டுவதால் கடுமையாகிறது.

நான் செய்த தவறு

இரண்டாம் ஆண்டு படித்தபோது, உலோக ராக் இசைக்காகவே செய்யப்பட்ட ஒரு பெடலை வாங்கினேன். விலை 200 வெள்ளிக்குச் சற்று மேல். அம்மா பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடுதல் நேரம் பார்த்துத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தார். அடுக்குமாடி வீட்டின் அறையில், 10 வாட் ஆம்பில், இரவில் குறைந்த ஒலியில் வாசித்தபோது அந்தப் பெடல் சொர்க்கமாக இருந்தது.

பிறகு ஒரு கலை இரவு வந்தது. மேடையில் டிரம்ஸ், கீபோர்டு, பேஸ், இரண்டு பாடகர்கள், நான். பாட்டு தொடங்கியதும் என் கித்தாரைக் காணவில்லை! ஒலியைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. பெடலின் கெய்ன் திருகையும் ஏற்றினேன். நிலைமை மேலும் மோசமானது. நிகழ்ச்சி முடிந்ததும், முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மா கேட்டார்: “நீ நின்னது தெரிஞ்சதுய்யா. அதுல உன் சத்தம் எது?”

அந்தக் கேள்விக்கான பதிலைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. காரணம் இதுதான். அந்தப் பெடல் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஏற்றி, நடு ஒலியைக் குடைந்து எடுத்துவிடும்படி நான் திருகியிருந்தேன். தனியே கேட்டால் அது கம்பீரம். ஆனால், குழுவில் தாழ்ந்த ஒலி பேஸ் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் சொந்தம். உயர்ந்த ஒலி சிம்பலுக்குச் சொந்தம். கித்தார் வாழும் இடம் நடு ஒலி. அந்த இடத்தை நானே காலி செய்துவிட்டு, என்னைக் காணவில்லை என்று தேடியிருக்கிறேன். டியூப் ஸ்கிரீமர் போன்ற பெடல்கள் 700 ஹெர்ட்ஸ் அளவிலான நடு ஒலியைத் தூக்கிக் காட்டும். தனியே கேட்டால் மூக்கடைத்தாற்போல் இருக்கும். குழுவில் அதுதான் காதில் விழும்.

பெடலுக்கு முன் ஆம்ப்

ஆகவே நண்பர்களே, ‘எந்தப் பெடல்?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த ஆம்ப்? யாரோடு வாசிக்கப் போகிறேன்?’ என்று கேளுங்கள். பழைய பாணி வால்வு ஆம்ப் கிடைத்தால், ஓவர்டிரைவ் பெடலின் டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றி வையுங்கள். பெடல் ஆம்பைத் தள்ளும். ஆம்ப் தானாகப் பாடும். இந்தப் பெடல்கள் புகழ் பெற்றதே அப்படித்தான்.

ஆனால், ஜார்ஜ்டவுனில் நான் வாசித்த ஜேமிங் அறைகளில் இருந்தவை பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள். 1975-இல் வந்த ரோலண்டு ஜாஸ் கோரஸ் போன்றவை கண்ணாடி போல் தெளிவானவை, தாமாகக் கரகரக்காது. அங்கே பெடல்தான் முழு ஒலியையும் தர வேண்டும். திரைப்பாடல்களுக்கு இடையிசை வாசிப்பவருக்கு ஓவர்டிரைவ் போதும். ராக் இசைக்குத் தாளம் பிடிப்பவருக்கு அது மெலிந்து ஒலிக்கும், அவர் டி.எஸ்.-1 அல்லது ரேட் வாங்கி, கெய்னைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர், 1995-இல் வந்த போஸ் புளூஸ் டிரைவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

பாட்டையும் கவனிக்க வேண்டும். சுருதிப் பெட்டியில் ச-ப ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இவ்விரண்டின் அதிர்வெண்களும் 2:3 என்ற விகிதத்தில் அமைவதால், டிஸ்டோர்ஷன் உண்டாக்கும் புதிய ஒலிகளும் அவற்றோடு ஒத்துப்போகின்றன. கீழ்ச் சட்ஜமும் கூடவே உருவாகிறது. ராக் கலைஞர்கள் ச-ப மட்டும் உள்ள ‘பவர் கார்டு’ வாசிப்பது இதனால்தான். காந்தாரத்தைச் சேர்த்து முழு கார்டு வாசித்தால், கெய்ன் கூடக் கூடக் குழம்பும். இளையராஜா இசையில் 1980-இல் வந்த ‘மூடுபனி’ படத்தின் கித்தார் பாடலைக் கனமான டிஸ்டோர்ஷனில் வாசித்துப் பாருங்கள், புரிந்துவிடும். அதற்குப் பெடலே வேண்டாம்.

மறுபக்கம், கமகம் வாசிக்க விரும்புவோருக்கு ஓவர்டிரைவ் ஒரு வரம். தந்தியை இழுத்து வளைக்கும் நேரம் முழுவதும் சுரம் நிற்க வேண்டுமே! மின்கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் கித்தார் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-இல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். இரண்டு உலகங்களும் சந்திக்க முடியும் என்பதற்கு அது சான்று.

யாரோடு வாசிக்கிறோம் என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் உண்டு. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் நடத்திய ‘ஆலிகேட்ஸ்’ குழு, 1970களில் ஹாங்காங் மேடைகளில் தேர்ந்து, 1979-இல் ‘தெரிமா காசே’ இசைத்தட்டோடு நாடு முழுவதும் புகழ் பெற்றது. லோகநாதன் 2007-இல் மறைந்தாலும் அந்தப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றில் முன்னால் நிற்பது குரல். மற்றவை அதற்கு இடம்விட்டு நிற்கும். நம் கலை நிகழ்ச்சிகளுக்கும் அதுதான் இலக்கணம்.

கடையில் சோதிப்பது எப்படி?

உங்கள் சொந்தக் கித்தாரைக் கொண்டுபோங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஆம்பைப் போன்ற ஒன்றைக் கேளுங்கள். பெடலை அமுக்கும்போதும் விடும்போதும் ஒலியளவு சமமாக இருக்கும்படி லெவலைத் திருகுங்கள். கூடுதலாக ஒலிப்பதே நல்ல ஒலி என்று நம் காது ஏமாந்துவிடும். பிறகு மெதுவாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் அந்தப் பெடல் உங்கள் கையை விழுங்குகிறது என்று பொருள். கடைசியாக, கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசியுங்கள். உங்கள் கித்தார் உங்களுக்கே கேட்கிறதா? இதுதான் முதன்மையான சோதனை.

பழைய பெடல் வாங்குவதும் நல்லதே. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் கிடைத்தால்கூட, திருகுகளைத் திருகிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே துருப்பிடித்துக் கரகரக்கும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கொண்ட அடாப்டர் வேண்டும். முனை மாறினால் பெடல் கெட்டுப்போகலாம். பேட்டரியில் வாசிப்பவர்கள், முடித்ததும் உள்ளீட்டு வயரைக் கழற்றிவிடுங்கள். அந்த வயர்தான் பெரும்பாலான பெடல்களுக்குச் சுவிட்ச். கையில் பணம் இல்லாதவர்கள் இன்று கைப்பேசிச் செயலிகளிலேயே இந்த ஒலிகளையெல்லாம் கேட்டுப் பழகிவிட்டு, பிறகு வாங்கலாம். எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை.

மீண்டும் அம்மா

அந்தப் பெடலை விற்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இது டயோடு. கோடு போட்ட பக்கம் கேத்தோடு,” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து நம் அம்மாக்களும் அக்காக்களும் நுண்ணோக்கியில் கண் பதித்துச் சரிபார்த்த பாகங்கள் எத்தனை எத்தனை! புதிய போஸ் பெடல்கள் சிலவற்றின் அடியில் இன்று ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்றே அச்சிட்டிருக்கிறது. நான் பெடலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊரெல்லாம் அலைந்தேன். வீட்டில் இருந்தவரைக் கேட்கவில்லை.

விற்ற பணத்தில் பழைய ஓவர்டிரைவ் ஒன்றை வாங்கினேன். டிரைவ் பாதிக்குக் கீழே. நடு ஒலி நிமிர்ந்து நின்றது. அடுத்த ஆண்டு நிகழ்ச்சிக்கும் அம்மா வந்தார். வீடு திரும்பும்போது பேருந்தில் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டாவது பாட்டுல, சரணம் முடியுற இடத்துல நீ தப்பா வாசிச்சய்யா.”

உண்மைதான், தப்பாகத்தான் வாசித்திருந்தேன். ஆனால், அன்று இரவு முழுவதும் எனக்கு மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை.