கடைசி நொடியில் நின்ற கவுண்ட்டவுன்: தனியார் விண்வெளித் திட்டங்களின் தேதி ஏன் தள்ளிப்போகிறது?

2024 மே 28, ஸ்ரீஹரிகோட்டா. சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் காஸ்மாஸ் நிறுவனத்தின் அக்னிபான் ராக்கெட் கிளம்பத் தயாராக நின்றது. கடைசிச் சில நொடிகளில் கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. காரணம், இன்ஜினைப் பற்றவைக்கும் இக்னைட்டரில் வந்த சந்தேகம். ஏற்கெனவே மார்ச் 22, ஏப்ரல் 6, ஏப்ரல் 7 ஆகிய நாட்களிலும் இதே கதைதான். ஆனால் இரண்டே நாளில், மே 30 காலை 7.15 மணிக்கு அது பறந்தது.

அப்போ அந்த நான்கு நிறுத்தங்களும் தோல்வியா?

நிறுத்துவதும் வேலைதான்

இல்லை. கிளம்பிய ராக்கெட்டைத் திரும்பக் கூப்பிட முடியாது. அதனால் கடைசி நிமிடங்களில் அழுத்தம், வெப்பநிலை, தகவல்தொடர்பு எல்லாவற்றையும் கணினி கண்காணிக்கிறது. ஒன்று பிசகினாலும் நிறுத்திவிடும். 2023 அக்டோபர் 21-ல் இஸ்ரோவின் ககன்யான் சோதனைக் கலமும் 5 நொடிகள் இருக்கும்போது இப்படி நின்றது. கோளாறைக் கண்டுபிடித்து, அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள்.

கலம் ரெடி, ராக்கெட் எங்கே?

சொந்த ராக்கெட் இருந்தால் தாமதம் நாட்களில் முடியலாம். அடுத்தவர் ராக்கெட்டை நம்பியிருந்தால்? செம்மண்டலத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும். விண்வெளியில் அடுத்த வண்டிக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

அமெரிக்காவின் பிகலோ ஏரோஸ்பேஸ் இதை அனுபவித்தது. மேலே போனதும் பலூன் மாதிரி ஊதிப் பெரிதாகும் வசிப்பிடக் கலங்களை உருவாக்கிய தனியார் நிறுவனம் அது. அதன் முதல் சோதனைக் கலமான ஜெனிசிஸ்-1, 2006 ஜூலை 12-ல் டினேப்பர் ராக்கெட்டில் சென்றது. இரண்டே வாரத்தில், வேறு செயற்கைக்கோள்களை ஏற்றிச்சென்ற இன்னொரு டினேப்பர் விழுந்து நொறுங்கியது. ஜெனிசிஸ்-2 காத்திருந்து 2007 ஜூன் 28-ல்தான் போனது.

அடுத்து 'பீம்' கலம். 2015-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டியது. அந்த ஜூனில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 வெடித்ததால், பயணம் 2016 ஏப்ரல் 8-க்குத் தள்ளிப்போனது.

சில நேரம் கலமே தாமதமாகும். வாஸ்ட் நிறுவனத்தின் ஹேவன்-1 தனியார் விண்வெளி நிலையத்துக்கு முதலில் சொன்ன தேதி 2025 ஆகஸ்ட். பிறகு 2026 மே ஆனது. அதற்கும் அப்பால் நகர்ந்துவிட்டது. மனிதர்கள் தங்கப்போகும் கலம் என்பதால் கட்டுமானச் சோதனைகளைச் சுருக்க முடியாது.

செலவு யார் தலையில்?

அரசுத் திட்டம் தள்ளிப்போனாலும் ஊழியருக்குச் சம்பளம் வரும். தனியார் நிறுவனத்தில் வருமானம் தொடங்கும்வரை முதலீட்டுப் பணம்தான் கரையும். வீரர்களை ஏற்றிச்செல்ல வாகனம் இன்னும் தயாராகவில்லை என்று 2011-ல் பிகலோ கிட்டத்தட்டப் பாதி ஊழியர்களை அனுப்பியது. 2020 மார்ச்சில், கொரோனாவைக் காரணம் காட்டி, மிச்சமிருந்த எல்லோரையும் அனுப்பிவிட்டது. பீம் கலமோ, அதன் பிறகும் விண்வெளி நிலையத்தில் சாமான் அறையாகப் பயன்பட்டு வந்தது. தொழில்நுட்பம் ஜெயித்தது, கம்பெனி காத்திருக்க முடியாமல் போனது.

நாம் என்ன கவனிக்கலாம்?

இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையத்துக்கான முதல் கலத்துக்கு இலக்கு 2028. சிறிய ராக்கெட்டுகளுக்காகக் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளப் பணி நடக்கிறது. இனியும் தேதிகள் மாறும். அப்படி மாறினால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கோளாறு ராக்கெட்டிலா, கலத்திலா? கோளாறு என்னவென்று வெளிப்படையாகச் சொன்னார்களா? அடுத்த தேதி வரை தாங்கக் கையில் பணம் இருக்கிறதா?

விண்வெளி ஸ்டார்ட்அப்பில் வேலைக்குச் சேர நினைப்பவர்கள், மூன்றாவது கேள்வியை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுவது நல்லது.